இறங்கத் தெரியாத குஞ்சுக்கு யார் காவல்?

(நகரங்களில் வாழும் பறவைகள், விலங்குகள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், ஜெலாப்பாங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை வாசகர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



எனக்கு முன் பேசியவர்கள் குரங்குத் தொல்லையைப் பற்றியும் தெருநாய்களைப் பற்றியும் நன்றாகச் சொன்னார்கள். அவை நம் வாசலுக்கே வந்து நிற்கும் உயிர்கள். வேண்டாம் என்றாலும் நம் கண்ணில் படும். நான் பேச வந்தது, நம் தலைக்கு மேலேயே வாழ்ந்தும் நாம் நிமிர்ந்து பார்க்காத ஒரு பறவையைப் பற்றி. அதன் பெயர் வல்லூறு. ராஜாளி என்றும் சொல்வார்கள். காக்கையைவிட மிகப் பெரியதல்ல. ஆனால், இரையைக் கண்டு உயரத்திலிருந்து பாயும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். உலகத்தில் இதைவிட வேகமான பறவை கிடையாது. அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இது இருக்கிறது. 'பெரிக்ரின்' என்ற அதன் பெயருக்கு லத்தீன் மொழியில் 'ஊர் சுற்றி' என்று பொருள்.

இந்த வேகக்காரப் பறவை தன் வாழ்நாளில் ஒரே ஒரு வாரம் மிகவும் பாவப்பட்ட பறவையாக இருக்கிறது. கூட்டை விட்டு முதன்முதலாகக் கிளம்பும் வாரம் அது. அந்த வாரத்தில் அதற்குக் காவலாக, சம்பளம் இல்லாமல், வெயிலிலும் மழையிலும் தெருவில் நிற்கும் மனிதர்கள் உலகத்தின் பல நகரங்களில் இருக்கிறார்கள். அந்த மனிதர்களைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன். அவர்கள் செய்வதை நம் ஈப்போவிலும் செய்ய முடியும், செய்யவும் வேண்டும் என்பது என் கருத்து.

நம் ஊர்ப் பறவைதான்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுப் பறவை, நமக்கென்ன?" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வல்லூறுகளில் இரண்டு விதம் நம் நாட்டில் உண்டு. ஒன்று, வடக்கே குளிர் தொடங்கும்போது இங்கே வந்து சில மாதங்கள் தங்கிவிட்டுப் போகும் விருந்தாளி. இன்னொன்று, இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே குஞ்சு பொரித்து, இங்கேயே சாகும் உள்ளூர் இனம். 'எர்னெஸ்டி' என்பது அந்த இனத்தின் பெயர். முதுகு கறுத்து, வயிறும் கருமை படர்ந்து இருக்கும். இது குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையில் ஒரு விளிம்பைப் பார்த்து, அங்குள்ள மண்ணையும் சரளையையும் காலால் கொஞ்சம் கீறிப் பள்ளமாக்கி, அதிலேயே முட்டையிட்டுவிடும்.

செங்குத்தான பாறைக்கு நம் கிந்தா பள்ளத்தாக்கில் பஞ்சமா? ஜெலாப்பாங்கில் நின்று மேற்கே பார்த்தால் கிளேடாங் மலை. கிழக்கே பார்த்தால் சுண்ணாம்புக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நாம் தைப்பூசத்திற்குக் காவடி எடுத்துப் போகும் கல்லுமலைக் கோயிலே அப்படி ஒரு குன்றின் மடியில்தான் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி குனோங் லாங். மலாயில் 'லாங்' என்றால் பருந்து, கழுகு இனப் பறவை என்று பொருள். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைகளில் இந்த உள்ளூர் வல்லூறு கூடு வைப்பதைப் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, நாம் தேங்காய் உடைக்கும் குன்றுகளும் அது குஞ்சு பொரிக்கும் குன்றுகளும் ஒரே குடும்பத்துக் குன்றுகள்.

ஒரு காலத்தில் அந்தக் குன்றுகளைச் சுற்றிக் காடும் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் இருந்தன. இன்று வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. பறவை நகரத்துக்குக் குடி வரவில்லை. நகரம்தான் அதன் வாசலுக்குக் குடி போயிருக்கிறது.

மருந்து செய்த வேலை

இந்தக் காவல் எப்படித் தொடங்கியது என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். என் வயதுக்காரர்களுக்கு 'டிடிடி' என்ற மருந்து நன்றாக நினைவிருக்கும். மலேரியா ஒழிப்புத் திட்டம் தீபகற்ப மலேசியாவில் 1967-இல் தொடங்கியபோது, தோட்டத்து வீட்டுச் சுவர்களில் அந்த மருந்தைத்தான் அடித்தார்கள். காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த மக்களை அது காப்பாற்றியது. அதை மறுக்க முடியாது.

ஆனால் மேல்நாடுகளில் அதே மருந்தை விவசாய நிலங்களில் கணக்கில்லாமல் தெளித்தார்கள். பூச்சி தின்றது, பூச்சியைச் சிறு பறவை தின்றது, சிறு பறவையை வல்லூறு தின்றது. ஒவ்வொரு படியிலும் விஷம் சேர்ந்துகொண்டே போனது. வல்லூறு உடனே செத்து விழவில்லை. அதன் முட்டையோடு மெல்லியதாகப் போயிற்று. தாய்ப் பறவை அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை உடைந்துவிடும். தாயின் பாரமே பிள்ளைக்கு எமன் ஆனது. இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், பழைய முட்டைகளையும் புதிய முட்டைகளையும் ஒப்பிட்டு ஓடு மெலிந்துபோனதை 1967-இல் வெளியிட்டார். அதற்குள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு வைக்கும் வல்லூறு ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்ற பேராசிரியர், கூண்டில் வல்லூறுகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்கவைத்து வெளியே விடும் திட்டத்தைத் தொடங்கினார். 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. அடுத்த கால் நூற்றாண்டில் அவருடைய அமைப்பு மட்டும் சுமார் 4,000 இளம் பறவைகளை வெளியே விட்டது. 1999-இல் அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து அமெரிக்கா இப்பறவையை நீக்கியது.

இந்த 4,000 பறவைகளுக்கும் பறக்கக் கற்றுத்தரத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. மலை உச்சியிலோ கோபுரத்திலோ பெட்டியில் வைத்து, சிறகு முற்றியதும் திறந்துவிடுவார்கள். பக்கத்திலேயே இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் கூடாரம் போட்டு வாரக்கணக்கில் தங்குவார்கள். குஞ்சின் கண்ணில் படாமல் இரை வைப்பார்கள். எந்தக் குஞ்சு கிளம்பியது, எது திரும்பி வந்தது, எதைக் காணோம் என்று எழுதிவைப்பார்கள். இன்றைய நகரத்துக் காவலர்களுக்கு முன்னோடிகள் இவர்கள்தான்.

கட்டடமும் ஒரு மலைதான்

நகரத்துக் கட்டடம் வல்லூறின் கண்ணுக்கு ஒரு மலை. கனடாவில் மொன்றியல் நகரத்தின் சன் லைஃப் கட்டடத்தில் 1940-லிருந்து 1952 வரை ஒரு பெண் வல்லூறு கூடு வைத்து வந்தது. வெறும் கட்டாந்தரையில் முட்டை உருண்டு வீணாவதைப் பார்த்த பறவை ஆர்வலர்கள், ஒரு பெட்டியில் சரளைக் கல்லைப் பரப்பி அங்கே வைத்தார்கள். அவ்வளவுதான் உதவி. நியூயார்க்கில் 1983-இல் இரண்டு பெரிய பாலங்களின் கோபுரங்களில் ஜோடிகள் குடியேறின. நகரத்தில் புறாவுக்குக் குறைவில்லை. காட்டில் குஞ்சைத் தூக்கிச் செல்லும் பெரிய ஆந்தைகளின் பயமும் நகரத்தில் குறைவு. பிறகென்ன, குடித்தனம் நடத்தத் தடையில்லை.

நம் பக்கத்து வீடான சிங்கப்பூரிலும் இது நடந்திருக்கிறது. 2025-இல் சூலியா ஸ்திரீட்டில் உள்ள ஓசிபிசி வங்கியின் 52 மாடிக் கட்டடத்தில் ஒரு ஜோடி கூடு வைத்துக் குஞ்சு பொரித்தது. நம் உள்ளூர் எர்னெஸ்டி இனம்தான். சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் காமிரா பொருத்திக் கவனித்தது. பறவைப் பிரியர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர். பக்கத்துத் தெருவான மார்க்கெட் ஸ்திரீட்டில்தான் நம் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பிழைக்கப் போன தமிழர் கால் ஊன்றிய அந்த இடத்தில், இந்தப் பறவையும் ஓர் இடம் பிடித்திருக்கிறது.

பறப்பது சுலபம், இறங்குவது கஷ்டம்

இப்போது அந்த ஒரு வாரத்துக்கு வருவோம். முட்டை பொரிய ஏறக்குறைய 33 நாள். பொரித்த குஞ்சு வெள்ளைப் பஞ்சு உருண்டை போல் இருக்கும். 5 வாரத்தில் பஞ்சு உதிர்ந்து சிறகு வந்துவிடும். 6 வாரத்தில் கிளம்பத் தயாராகிவிடும். ஆண் குஞ்சு உடல் சிறியது, அதனால் அதுதான் முதலில் கிளம்பும். விளிம்பில் நின்று சிறகை அடித்து அடித்துப் பார்க்கும். தாயும் தகப்பனும் இரையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பதைக் குறைத்துவிடும். இரையைக் காலில் பிடித்துக்கொண்டு கண்ணெதிரே பறந்து ஆசை காட்டும். "வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்" என்பது போல இருக்கும்.

குஞ்சு ஒரு நாள் கிளம்பிவிடும். சிறகை விரித்தால் காற்று தாங்கிக்கொள்கிறது. ஆகவே பறப்பது பெரிய காரியமல்ல. வேகத்தைக் குறைத்து, காற்றின் திசை பார்த்து, காலை நீட்டி, ஒரு விளிம்பில் வந்து நிற்பதுதான் பெரிய வித்தை. அதைக் கற்றுக்கொள்ளப் பல நாள் பிடிக்கும். அதற்குள் அது கண்ணாடிச் சுவரில் வானத்தின் நிழலைப் பார்த்து, வானம் என்றே நம்பி மோதும். புகைபோக்கிக்குள் விழும். கூரையில் உட்காரப் பார்த்து வழுக்கித் தெருவுக்கு வந்துவிடும்.

தெருவுக்கு வந்துவிட்டால்தான் ஆபத்து. சிறகுத் தசை இன்னும் முற்றவில்லை. உயரத்திலிருந்து குதித்தால் பறக்கும். தரையிலிருந்து எழும்ப அதனால் முடியாது. நடைபாதையில் நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும். பேருந்து வரும், மோட்டார் சைக்கிள் வரும், நாய் வரும், கைப்பேசியில் படமெடுக்கக் கூட்டம் வரும். உடம்பில் காயமே இல்லாத பறவை, ஐந்தே நிமிடத்தில் சக்கரத்தில் அடிபட்டுப் போகும். ஓராண்டு நிறையுமுன் இளம் வல்லூறுகளில் பாதிக்கு மேல் இறந்துவிடுகின்றன. மலையில் பிறந்தாலும் அதுதான் கதி. நகரத்தில் அதோடு கண்ணாடியும் சக்கரமும் சேர்ந்துகொள்கின்றன.

காவலர்கள் செய்வது என்ன?

இந்த நேரத்துக்காகத்தான் அந்தத் தொண்டர்கள் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பல்கலைக்கழகக் கோபுரத்தில் 2002 முதல் கூடு இருக்கிறது. குஞ்சு கிளம்பும் நாட்களில் எதிரே உள்ள திடலில் ஆர்வலர்கள் கூடுகிறார்கள். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகர மண்டபத்திலும், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்திலும் இப்படியே. இங்கிலாந்தில் டார்பி, நாரிச் நகரங்களின் பெரிய தேவாலயக் கோபுரங்களில் தட்டு அமைத்துக் கொடுத்து, கீழே தொலைநோக்கியுடன் தொண்டர்கள் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் பறவையைக் காட்டுகிறார்கள்.

யார் இவர்கள்? ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், மதிய உணவு நேரத்தில் ஓடி வரும் அலுவலக ஊழியர்கள். முறை வைத்துக்கொண்டு, விடியற்காலை முதல் இருட்டும்வரை நிற்பார்கள். ஒருவர் ஒரு குஞ்சைக் கண்ணில் வைத்துக்கொள்வார். அது கட்டடத்துக்குப் பின்னால் பறந்து மறைந்தால், அடுத்த தெருவில் நிற்பவருக்குத் தகவல் போகும். கையில் இருப்பவை தொலைநோக்கி, குறிப்பேடு, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டி, ஒரு துண்டு, தடித்த கையுறை. இவ்வளவுதான்.

குஞ்சு தரைக்கு வந்துவிட்டால் முதல் வேலை, கூட்டத்தை விலக்கி வாகனத்தை ஒதுங்கச் சொல்வது. இரண்டாவது வேலை, அனுமதி பெற்றவரைக் கூப்பிடுவது. அவர் துண்டால் மூடி எடுத்துப் பெட்டியில் வைப்பார். காயம் இருந்தால் மருத்துவரிடம் போகும். காயம் இல்லையென்றால் கட்டடத்தின் உச்சிக்கு எடுத்துச் சென்று, மறுபடி மேலேயே விட்டுவிடுவார். தாய் அதைத் தேடி வந்துவிடும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் வீடுகளில் சொல்வோம். பறவைகள் விஷயத்தில் அது சரியல்ல. பிள்ளையின் குரலையும் உருவத்தையும் பார்த்துத்தான் தாய் சேர்த்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தொண்டர்கள் நிற்கும் நேரத்தில் பெரும்பகுதி ஒன்றுமே நடக்காது. பத்து மணி நேரம் நின்றால் பத்து நிமிடம் வேலை. மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுதான். கூட்டுக்குப் பக்கத்தில் போவதில்லை, தீனி போடுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குவதில்லை. எப்போது கை நீட்டக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் அவர்கள் படிக்கும் முதல் பாடம். சில நாள் அவர்கள் கண்ணெதிரிலேயே குஞ்சு கண்ணாடியில் மோதிச் செத்துப்போகும். அழுதுவிட்டு, மறுநாள் மற்றக் குஞ்சுகளுக்காக மறுபடி வந்து நிற்பார்கள்.

நமக்குத் தெரியாத வேலையா?

அன்பர்களே, பறவையைப் பார்த்துக் காவல் இருப்பது தமிழனுக்குப் புதிதல்ல. கல்லுமலையில் குடிகொண்டிருக்கும் முருகனின் வள்ளியே தினைப்புனத்தில் பரண்மேல் நின்று காவல் இருந்தவள்தான். அவள் தினையைக் காக்கப் பறவையை விரட்டினாள். இங்கே பறவையையே காக்க வேண்டியிருக்கிறது. பரணும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அந்த இரண்டும் மாறவில்லை.

நம் தோட்டப் பக்கத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது எலியும் கூடவே வந்தது. பல தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன்மேல் பெட்டி வைத்து, கூகை ஆந்தையைக் குடியேற்றினார்கள். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று பயந்த நம் ஜனங்களே, எலி குறைந்ததைப் பார்த்ததும் அந்தப் பெட்டிகளை மதிக்கத் தொடங்கினார்கள். ஆனால் சில இடங்களில் ஆந்தையையும் வைத்துக்கொண்டு எலி மருந்தையும் கடுமையாகப் போட்டார்கள். மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் போயிற்று. டிடிடி சொன்ன பாடமும் இதுதான். மேலே பறப்பது சாவதற்குக் காரணம் கீழே நாம் தெளிப்பதில் இருக்கிறது.

தொண்டர் படையும் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. மலேசிய இயற்கைக் கழகம் 1940-இல் தோன்றியது. மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் கழுகு, பருந்து இனங்களை எண்ணவும் மக்களுக்குக் காட்டவும், தஞ்சோங் துவானில் 2000-ஆம் ஆண்டில் ஒரு பறவை காணும் விழாவை அது தொடங்கியது. மார்ச் மாதங்களில் அங்கே வெயிலில் நின்று எண்ணியவர்கள் எல்லாம் தொண்டர்கள்தான். கடல் தாண்டிப் போகும் பறவைக்காக அவ்வளவு தூரம் போகத் தெரிந்த நமக்கு, ஜெலாப்பாங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் குடியிருக்கும் பறவைக்காக அண்ணாந்து பார்க்கவா தெரியாது?

ஈப்போவில் செய்ய வேண்டியவை

என்ன செய்யலாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பார்க்கப் பழக வேண்டும். பள்ளி இயற்கைக் கழகம், ஆலய இளைஞர் அணி, மூத்த குடிமக்கள், யாராக இருந்தாலும் சரி. விடுமுறைக் காலையில் ஒரு குன்றின் எதிரே, தூரத்தில் நின்று, ஒரு மணி நேரம் பாறையைப் பாருங்கள். எந்த விளிம்பில் வெள்ளை எச்சம் வழிந்திருக்கிறது, எந்த நேரத்தில் எது வந்து உட்காருகிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். மலேசிய இயற்கைக் கழகத்தின் பேராக் கிளையோடு சேர்ந்து செய்தால் சொல்லித்தர ஆள் கிடைக்கும்.

இரண்டாவது, கூடு எங்கே என்று தெரிந்துவிட்டால் ஊருக்கெல்லாம் பறைசாற்ற வேண்டாம். காசுக்காகக் குஞ்சைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். உண்டிவில்லும் காற்றுத் துப்பாக்கியும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். படத்தைப் போடலாம், இடத்தைப் போடக்கூடாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவையைப் பிடிப்பதும் அனுமதியின்றி வளர்ப்பதும் குற்றம்.

மூன்றாவது, கூடு வைக்கும் மாதங்களில் அந்தப் பாறைப் பக்கத்தில் மலையேற்றம், டிரோன், வெடி ஆகியவற்றை ஒதுக்கிவைக்க வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மலையேறுபவர்களே ஒப்புக்கொண்டு, வல்லூறு கூடு வைக்கும் காலத்தில் சில பாறைகளை விட்டுக்கொடுக்கிறார்கள். குஞ்சு கிளம்பியதும் பாறை மீண்டும் அவர்களுடையது. சில வாரங்கள் பொறுப்பது நமக்கு முடியாத காரியமா?

நான்காவதுதான் பெரியது. குன்றே இல்லாமல் போனால் காவலுக்கு வேலை இல்லை. சுண்ணாம்புக் கல் சிமெண்டு ஆகிறது, பளிங்கு ஆகிறது, நம் வீடும் அதில்தான் நிற்கிறது. கல் உடைக்கும் வேலையில் நம் பிள்ளைகள் பலரும் சாப்பிடுகிறார்கள். ஆகவே எல்லாக் கல்குவாரியையும் மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தக் குன்றை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுக்கும்போது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கும் மேசைமேல் இருக்க வேண்டும். செம்மோர்ப் பக்கம் உள்ள கந்தான் குன்றின் பெயரையே தாங்கிய ஒரு சிலந்தி இனம் உலக அறிவியல் நூல்களில் இருக்கிறது. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கை தேசிய நிலவியல் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பெருமைக்குப் பொருள் வேண்டுமானால், தேதி போட்டு எழுதிய குறிப்பேடுகள் வேண்டும். "அங்கே பறவை இருக்கிறது" என்று வாயால் சொன்னால் எந்த அதிகாரியும் கேட்கமாட்டார். மூன்று வருடம் பார்த்து எழுதிய கணக்கை நீட்டினால், கேட்டே ஆக வேண்டும். தெருவில் நிற்கும் தொண்டனின் கையில் உள்ள பெரிய ஆயுதம் அந்தக் குறிப்பேடுதான்.

வீட்டு வாசலில் விழுந்தால்

"சார், எங்கள் வீட்டுப் பக்கம் வல்லூறு வராது, மைனாதான் வரும்" என்று என் பழைய மாணவர்கள் சொல்வார்கள். மைனாவுக்கும் இதே பாடம்தான். சிறகு முளைத்த குஞ்சு ஒன்று முற்றத்தில் தத்தித் தத்தி நடந்தால், அது அனாதை என்று முடிவு கட்டாதீர்கள். பறக்கப் பழகுகிறது. தாய் எங்கேயோ பக்கத்துக் கூரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். நாம் பக்கத்திலேயே நின்றால் அது இறங்கி வராது. பூனையையும் நாயையும் வீட்டுக்குள் பிடித்துப் போடுங்கள். குஞ்சு சாலையோரத்தில் இருந்தால் பக்கத்துச் செடி மறைவில் தூக்கி வையுங்கள். பிறகு உள்ளே போய்ச் சன்னல் வழியாகப் பாருங்கள்.

ரொட்டியும் பாலும் ஊட்டாதீர்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிச் செத்துப்போகும். இறக்கை தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ, துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனவிலங்குத் துறைக்கு, அதாவது பெர்ஹிலித்தானுக்கு, தகவல் கொடுங்கள். வளைந்த அலகும் கூரிய நகமும் உள்ள பறவையாக இருந்தால் கையால் தொட வேண்டாம். ஆளை அழைத்து, அவர் வரும்வரை கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். நாம் நல்ல எண்ணத்தில் தூக்கிக்கொண்டு போய்க் கூண்டில் வைத்து வளர்த்தால், அது உயிரோடு இருக்கலாம். ஆனால் வல்லூறாக இருக்காது. வேட்டையாடக் கற்றுக்கொள்ளும் அந்தச் சில வாரங்கள் போனால் திரும்ப வராது.

கூட்டை விட்டுக் கிளம்பிய பிறகும் ஒரு மாதம், இரண்டு மாதம்வரை தாயும் தகப்பனும் அதைக் கைவிடுவதில்லை. ஆகாயத்திலேயே இரையை நழுவவிட, குஞ்சு தலைகீழாகப் புரண்டு பிடிக்கும். முதலில் தவறவிடும். மறுபடி தவறவிடும். ஒரு நாள் பிடித்துவிடும். அதற்குப் பிறகு அது யாருக்கும் கடன்பட்டதில்லை. ஒருநாள் ஊரை விட்டே போய்விடும். காவல் நின்றவர்களைத் திரும்பியும் பார்க்காது. பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோர் ஜெலாப்பாங்கில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நேயர்களே, பெரிய நிதி வேண்டாம், பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, ஒரு அட்டைப் பெட்டி, நாலு பேர் போதும். குன்று நம் ஊரில் இருக்கிறது. பறவையும் இருக்கிறது. அண்ணாந்து பார்க்க ஆள்தான் வேண்டும். இந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, இந்த வார இறுதியில் ஒரே ஒரு பிள்ளையாவது அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு குன்றின் எதிரே நின்றால், நான் பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.